வடக்குக் குழியின் முழுக்கோடு

பாரிவாக்கம்
12.06.2025

மங்களம் அண்ணிக்கு,

கிறிஸ்துராஜ் எழுதுகிறேன். வடக்கே பன்வாரா சுரங்கத்தில் சர்வேயராக இருந்தவன். குவார்ட்டர்ஸில் உங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. மூன்று தடவை ஃபோன் செய்தேன். மூன்றாவது தடவை பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். முத்தாபுதுப்பேட்டைக்கும் எங்கள் வீட்டுக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது, நேரில் வந்திருக்கலாம். தைரியம் வரவில்லை.

மனோகரன் அண்ணன் தவறிய செய்தி எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் கிடைத்தது. அதற்காக மன்னிக்க வேண்டும்.

ஒரு சின்ன உதவி. அண்ணனுடைய சாமான்களில் ஒரு நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒல்லியாக, நீளமாக, பச்சைத் துணி அட்டை போட்டது. உள்ளே பென்சிலில் வெறும் எண்களாக இருக்கும். சுரங்கத்தில் அளவெடுக்கும்போது நாங்கள் எழுதும் ஃபீல்டு புக் அது. பன்வாராவை வேறொரு கம்பெனி வாங்கி மறுபடி திறக்கிறது, பழைய காகிதங்களைக் கேட்கிறார்கள். சும்மா ஒரு ரிக்கார்டுக்காகத்தான். வேறு ஒன்றும் இல்லை.

ஞானசௌந்தரி உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு
கிறிஸ்துராஜ்


முத்தாபுதுப்பேட்டை
18.06.2025

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட நோட்டு இங்கே இல்லை.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பேனாவை எடுத்த பிறகு மனசு கேட்கவில்லை.

அவர் தவறிய செய்தி உங்களுக்குத் தாமதமாகக் கிடைக்கவில்லை. அன்று காலை பத்து மணிக்கே நம் பழைய குவார்ட்டர்ஸ் கோவிந்தராஜ் உங்களுக்கு ஃபோன் செய்து சொன்னார். காய்ச்சல் என்று சொன்னீர்களாம். சாயங்காலம் கரையான்சாவடியில் உங்களைப் பழக்கடையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சாவு வீட்டுக்கு வர முடியாத காய்ச்சலுக்குச் சாத்துக்குடி வாங்கினீர்களோ என்னவோ.

இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. 1996 ஆகஸ்டில் மூன்றாம் லெவலில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து ஹீராவும் நாத்துவும் செத்தார்கள். சுவர் ஈரமாக இருப்பதைப் பார்த்தும் ஃபோர்மேன் மனோகரன் வேலையை நிறுத்தவில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். சர்டிஃபிகேட்டைப் பிடுங்கினார்கள். இனி எந்தச் சுரங்கத்திலும் கால் வைக்க முடியாத மனுஷன் ஆவடிக்கு வந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் பதினெட்டு வருஷம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தார். நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். தலைமை சர்வேயர் ஆனீர்கள். ஒரு வரி எழுதவில்லை.

வர்ஷா கல்யாணப் பத்திரிகையில் அவள் ஆசையாக 'முன்னாள் சுரங்க ஃபோர்மேன்' என்று அப்பா பெயருக்குக் கீழே அடிக்கச் சொல்லியிருந்தாள். அவர் பிரஸ்ஸுக்குப் போய் நின்று அதை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அவள் அழுதாள். எங்கப்பாவைப் பலிகடா ஆக்கிட்டாங்க என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

ரிக்கார்டுக்காக என்கிறீர்கள். ரிக்கார்டெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? தப்பு செய்தவர் மனோகரன் என்று அதில் எழுதியிருக்கிறதே. இன்னும் என்ன குறைச்சல் உங்களுக்கு?

மங்களம்


பாரிவாக்கம்
25.06.2025

அண்ணி,

காய்ச்சல் பொய்தான். சாத்துக்குடி ஞானசௌந்தரிக்கு வாங்கினேன். அன்று உங்கள் தெரு முனை வரை வந்தேன். பந்தல் தெரிந்தது. திரும்பிவிட்டேன்.

நீங்கள் பன்வாரா மலையை வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறீர்கள். உள்ளே அது வேறு மாதிரி. டோலமைட் என்கிற சாம்பல் நிறப் பாறை. அதற்குள் ஈயமும் துத்தநாகமும் கலந்த தாது, அலமாரியில் புத்தகங்களை நிமிர்த்தி அடுக்கியதுபோலச் செங்குத்தாக நிற்கும். ஒரு பலகை சட்டென்று முடியும், பத்தடி தள்ளி இன்னொன்று தொடங்கும். ஈயத்தாது வெள்ளி மாதிரி மின்னும், துத்தநாகத்தாது வெல்லப்பாகு நிறத்தில் இருக்கும்.

அதை முதலில் தோண்டியவர்கள் நாங்கள் இல்லை. பல நூறு வருஷத்துக்கு முன்னால், எந்த இயந்திரமும் இல்லாமல், பாறையின்மேல் விறகை அடுக்கி எரித்து, வெடித்த இடத்தை இடித்து இடித்து மலைக்குள்ளே இறங்கியிருக்கிறார்கள். துத்தநாகம் சூட்டில் ஆவியாகப் பறந்துவிடும். அதைப் பிடிப்பதற்கு அவர்கள் கத்தரிக்காய் வடிவத்தில் ஒரு மண் குடுவை செய்தார்கள், அதைக் கவிழ்த்து வைத்து ஆவியைக் கீழே இழுத்துக் குளிரவைத்தார்கள். எரிந்துபோன குடுவைகளை வைத்துத்தான் பின்பக்கக் கிராமத்தில் சுவர் கட்டியிருந்தார்கள். நீங்கள் வடாம் காயப்போட்ட சுவர்கூட அதுதான்.

அவர்களிடம் வரைபடம் கிடையாது. தாது போன பக்கம் போனார்கள், தண்ணீர் ஊறியதும் விட்டுவிட்டு ஏறிவிட்டார்கள். அதனால் மலைக்குள் எங்கெங்கோ பழங்குழிகள், அடியில் தண்ணீரோடு நிற்கின்றன. அவற்றுக்குள் போய் அளந்து சுரங்கத்தின் பிளானில் வரைவது என் வேலை. அதற்கு ஒரு விதி உண்டு. டேப் வைத்து அளந்த இடத்துக்கு முழுக்கோடு போட வேண்டும். அளக்காத இடத்துக்கு, உத்தேசமாக இருக்கும் இடத்துக்கு, விட்டுவிட்டுக் கோடு போட வேண்டும். கீழே குடைகிறவன் அந்தக் கோட்டை நம்பித்தான் வெடி வைக்கிறான். விட்டுவிட்டுப் போட்ட கோட்டைப் பார்த்தால் நின்றுவிடுவான். முழுக்கோட்டைப் பார்த்தால் பயப்பட மாட்டான்.

1993 பிப்ரவரியில் வடக்குக் குழிக்குள் இறங்கினேன். நாற்பத்து மூன்றாவது மீட்டரில் விளக்கு மங்கியது. அப்படி மங்கினால் காற்று கெட்டுவிட்டது என்று அர்த்தம். குழி இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது, நான் திரும்பிவிட்டேன். பிளான் அனுப்ப இரண்டு நாள்தான் இருந்தது. விட்டுவிட்டுக் கோடு போட்டால் ஏன் அளக்கவில்லை என்று மேனேஜர் கேட்பார், பயந்து திரும்பினேன் என்று சொல்ல வெட்கம். நாற்பத்து மூன்றில் குழி முடிந்துவிட்டது என்று முழுக்கோடு போட்டு மூடினேன். மழைக்காலம் முடிந்ததும் கெட்ட காற்றை வெளியேற்ற மின்விசிறி வைத்து மறுபடி போய்த் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். போகவில்லை.

1996இல் மூன்றாம் லெவலில் உடைத்துக்கொண்டு வந்தது அந்தக் குழியின் தண்ணீர்தான். விபத்துக்கு மறுநாள் விடிந்ததும் அண்ணன் என் வீட்டுக்கு வந்து நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். நோட்டு வெள்ளத்தில் போய்விட்டது என்று விசாரணையில் சொன்னேன். தண்ணீர் பாறைக்குள் இயற்கையாக இருந்த வெடிப்பிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார்கள். குடைந்த இடத்தைக் கான்கிரீட் வைத்து அடைத்தார்கள். வடக்குக் குழியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. என் கோடு அப்படியே இருக்கிறது.

அண்ணன் சர்டிஃபிகேட் போனது என்னால்தான். அந்த நோட்டு இருந்தால் அதை நிரூபிக்கலாம்.

கிறிஸ்துராஜ்


முத்தாபுதுப்பேட்டை
02.07.2025

கிறிஸ்து,

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதியது பொய். பொய் எழுத உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?

அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடைத்தது. மூன்று வருஷமாக எனக்குத் தெரியும். நீங்கள் இவ்வளவு நீளமாக மலைக் கதை எழுதியும், எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. முப்பத்தோராம் பக்கத்தில் எண்களுக்கு நடுவே உங்கள் கையெழுத்தில் நாலு வரி தமிழில் இருக்கிறது. மேனேஜருக்குப் புரியக் கூடாது என்று தமிழில் எழுதினீர்களாக்கும். 'விளக்கு மங்கியது. இதற்கு மேல் போகவில்லை. கல் எறிந்து பார்த்தது. தண்ணீர்ச் சத்தம்.' அதற்குக் கீழே, 'டேப் பிடித்தது மனோகரன்.'

அண்ணனால் இல்லை, என்னால்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் அவர் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். கடைசி வருஷம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் வழியில், ஆட்டோவில்.

"கல்ல நான்தான் போட்டேன் மங்களம். ரொம்ப நேரங்கழிச்சு சத்தம் வந்துச்சு. கிறிஸ்து பயந்துகினான். இன்னாத்துக்கு மாமே மண்டைய ஒடச்சிக்கினு கீற, கோட்டப் போட்டு மூடு, அங்க எவன் வரப்போறான்னு நான்தான் சொன்னேன்."

அப்புறம் இன்னொன்று சொன்னார்.

"அன்னிக்கு செவுரு வேர்த்துகினு இருந்துச்சு. பாத்தேன். அந்தச் சத்தம் ஞாபகம் வந்துச்சு. அப்பவும் ஹீராவ வெடி வெக்கச் சொன்னேன். மாசக் கடைசி, டார்கெட் பாக்கி இருந்துச்சு."

உங்களைக் காப்பாற்றத்தான் அவர் வாயை மூடிக்கொண்டார் என்று அத்தனை வருஷமும் நான் நம்பினேன். உண்மை தெரிந்த பிறகும் அந்தக் கோபம் விடவில்லை, அதில்தான் உங்கள் ஃபோனை வைத்தேன். அவர் தன்னையும் காப்பாற்றிக்கொண்டார். தண்ணீர் இருப்பது தெரிந்தே ஆளை அனுப்பினாயா என்ற கேள்வி வராமல் பார்த்துக்கொண்டார். சர்டிஃபிகேட் போனதோடு போயிற்று என்று இருந்துவிட்டார்.

இது வர்ஷாவுக்குத் தெரியாது. அவளுக்கு அப்பா என்றால் நிரபராதி. அவளுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு அப்பாதான். உங்கள் பாவத்தைக் கழுவிக்கொள்வதற்கு அவரைக் கேட்காதீர்கள். நோட்டைத் தர மாட்டேன்.

மங்களம்


பாரிவாக்கம்
07.07.2025

அண்ணி,

உங்கள் கடிதத்தை ஞானசௌந்தரியிடம் படித்துக் காட்டினேன். அவள் என்னைத்தான் திட்டினாள். "பாவசங்கீர்த்தனம் பண்றதா நெனச்சிக்கினு அந்தப் பொம்பள தலைல எறக்கி வெச்சிட்ட" என்றாள். உண்மைதான். ஃபாதரிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர் மன்னித்துவிட்டார். ஃபாதருக்கு அந்தக் குழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது.

முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். ரிக்கார்டுக்காக என்றது பொய். சுரங்கத்திலிருந்து தண்ணீரை இறைத்துவிட்டார்கள். நான்காம் லெவலில் வடக்கு நோக்கிப் புதிதாகக் குடையப் போகிறார்கள். ஜூலை இருபத்தொன்று தொடங்குகிறார்கள். மே மாதம் அவர்களுடைய சர்வேயர் ஃபோன் செய்து, பிளானில் உங்கள் கையெழுத்துதானா சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த முழுக்கோடு தப்பு என்றும் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

பிறகு கடிதம் வந்தது. பழங்குழிக்கு அறுபது மீட்டர் நெருங்கினால்தான் முன்கூட்டித் துளை போட்டுத் தண்ணீர் பார்க்க வேண்டும் என்பது விதி. என் கோட்டின்படி குழி எண்பத்தைந்து மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒப்புதல் பெற்ற பிளானை ஒருவருடைய ஞாபகத்தை வைத்து மாற்ற முடியாது, அந்த நாளில் எழுதிய அளவு நோட்டு இருந்தால் அனுப்புங்கள் என்கிறார்கள். சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதினேன். அவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் கையெழுத்து என்னுடையது, நான் அவ்வளவு சுத்தமாகப் போட்ட கோடு அது.

ஒரு ஷிஃப்டுக்குப் பதினாலு பேர்.

இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பீர்கள். ஆபத்து என்று எழுதினால் கோட்டைப் பற்றி எழுத வேண்டும். கோட்டைப் பற்றி எழுதினால் அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டு ஒரு மாதத்தை வீணாக்கிவிட்டேன். இப்போதும் என் சௌகரியத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வழி இருக்கிறது. எல்லாம் பென்சிலில் எழுதியதுதான். அண்ணன் பெயர் இருக்கும் வரியை மட்டும் ரப்பரால் அழித்துவிட்டு அனுப்புங்கள். நான் தனியாகப் போனேன் என்று சொல்லிக்கொள்கிறேன். வர்ஷாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்.

கிறிஸ்துராஜ்


முத்தாபுதுப்பேட்டை
14.07.2025

கிறிஸ்து,

பேரனுடைய ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'மனோ' வரை அழித்தேன். அப்புறம்தான் உறைத்தது. டேப்பின் இரண்டு முனையையும் ஒரே ஆள் எப்படிப் பிடிப்பான்? முப்பது வருஷம் சுரங்கக்காரர் வீட்டில் குடித்தனம் செய்த எனக்கே தெரிகிறது, அவர்களுக்குத் தெரியாதா? ஒரு வரி பொய் என்று கண்டுபிடித்தால் மொத்தப் பக்கத்தையும் தூக்கிப் போடுவார்கள். இந்த வயசிலும் கோட்டை மூடுகிற புத்தி உங்களுக்குப் போகவில்லை. நானும் ரப்பரை எடுத்தேனே, உங்களை மட்டும் சொல்வானேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூருக்கு வர்ஷா ஃப்ளாட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை பையனைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். நோட்டைக் கொடுத்தேன், ஆட்டோவில் அவர் சொன்னதையும் சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்த ரெண்டு பேர் வீட்ல யாரும்மா இருந்தாங்க?" என்று கேட்டாள்.

நாத்துவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஹீராவின் பெண்டாட்டி பெயர் கேசர். நமக்கு மோர் கொண்டுவந்து ஊற்றுவாளே, அவள்தான். நாங்கள் லாரியில் சாமான் ஏற்றிய அன்று அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் குழந்தை இருந்தது. நான் ஏதாவது பேசுவேன் என்று நின்றாளோ என்னவோ. எனக்கு என் புருஷன் வேலை போன ஆத்திரம். அவள் புருஷனால்தான் எல்லாம் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினேன். இதை வர்ஷாவிடம் சொல்லும்போதுதான், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவளை நினைக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. உங்களுக்கு நான் எழுதிய கடிதங்களிலும் என் கஷ்டம்தான் இருக்கிறது. உங்கள் கடிதங்களிலும் உங்கள் கஷ்டம்தான்.

வர்ஷா பக்கத்தை ஸ்கேன் செய்து மதியமே கம்பெனிக்கும் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டாள். நான் அழித்த எழுத்தின் தடம் தெரிகிறது. அழித்தது இன்னார், ஏன் அழித்தார் என்றும் எழுதச் சொன்னேன். டேப் பிடித்தவரின் மனைவி என்று என் பெயரைப் போட்டு, அவர் ஆட்டோவில் சொன்னதையும் எழுதினோம். நோட்டைக் கொரியரில் போட்டாயிற்று.

கிளம்பும்போது அவள் என்னை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு வலிக்கிறது. வலிக்கட்டும்.

மங்களம்


பாரிவாக்கம்
29.07.2025

அண்ணி,

குடைவதை ஆரம்பிக்கவில்லை. நோட்டு கிடைத்ததும் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். முதலில் துளை போடுங்கள் என்று உத்தரவு போட்டார்களாம். 24ஆம் தேதி போட்டார்கள். அந்த சர்வேயர் எனக்கு ஃபோன் செய்தார். பத்தொன்பதாவது மீட்டரில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்திருக்கிறது. மூடி தயாராக இருந்ததால் அடைத்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழி என் கோட்டைத் தாண்டி அறுபது எழுபது மீட்டர் போகிறது என்கிறார். பிளானில் அதைத் திருத்தி, விட்டுவிட்டுக் கோடு போட்டுவிட்டார்களாம். 1996 விசாரணைக் கோப்பையும் மறுபடி எடுக்கிறார்கள். என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன தண்டனையோ, வரட்டும்.

உங்களுக்கும் வர்ஷாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பதினாலு பேர் பிழைத்தார்கள் என்று கேட்டதும் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஞானசௌந்தரி கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். என்னால் போக முடியவில்லை. அந்த சர்வேயரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன், அதுதான் காரணம். துளை போட எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். காலை ஷிஃப்டில் ஆரம்பித்து, சாப்பாட்டுக்கு மேலே வருவதற்குள் முடித்துவிட்டார்களாம். எங்களிடமும் அதே மாதிரி டிரில் இருந்தது. ஷெட்டில் சும்மாதான் கிடந்தது. அண்ணன் என்னைக் கேட்டிருந்தாலோ, நான் அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலோ, அன்றைக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

கேசர் உயிரோடு இருக்கிறாள். விசாரித்துவிட்டேன். அதே கிராமத்தில் மகனோடு இருக்கிறாள். அவன்தான் அந்தக் கைக்குழந்தை. அந்தப் பதினாலு பேரில் அவனும் ஒருவன்.

ஆறாம் தேதி ரயில் ஏறுகிறேன். உங்களை வரச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, வந்தால் உங்கள் பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன். அவளிடம் என்ன சொல்லப்போற என்று ஞானசௌந்தரி கேட்டாள். விபத்து, விதி, மலையில் வெடிப்பு என்று அவளுக்கு எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நான் அரை நாள் என்று சொல்லப் போகிறேன். உன் புருஷன் உயிர் அரை நாள் வேலை, நானும் மனோகரனும் அதைச் செய்யவில்லை என்று சொல்லப் போகிறேன்.

கிறிஸ்துராஜ்